வார்த்தைப்பாடு இல்லாத ஒரு நாள்

மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று கன்னியாஸ்திரியாகும் ஒரு பெண் கடவுளுக்கு வார்த்தைப்பாடு கொடுப்பாளாம். காலம் முடிந்தால் புதுப்பிப்பாளாம். பிறகுதான் சாகும்வரைக்குமான நித்திய வார்த்தைப்பாடாம். வாக்கென்ன, நூலகப் புத்தகமா, தவணை நீட்டிக்க? முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை மேய்த்த எனக்கு இது பிடிபடவே இல்லை.

என் மகளின் தவணை நேற்றோடு முடிந்திருந்தது. புதுப்பித்துவைக்க வேண்டிய, மடங்கள் எல்லாவற்றுக்கும் மேலான சபைத் தலைவி காய்ச்சலில் படுத்துவிட்டதால், சடங்கை நாளைக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். இடையில் இன்று ஒரு நாள் அவள் எந்த வாக்குக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. அவளை வீட்டுக்கு அழைத்துவர இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்று, திரும்பும் பேருந்துக்கு இரண்டு சீட்டுகளை வாங்கிக்கொண்டே கன்னியர் மடத்துக்குப் போனேன்.

வரவேற்பறையில் மகள் தன் முக்காட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதர், அப்பாவை பஸ் ஏத்திவிட்டுட்டு வரட்டுமா?"

அருகில் நின்ற அந்த மடத்தின் தலைவி தடுமாறினார். "என்னைக் கேட்டா எப்படிம்மா? இன்னிக்கு உனக்கு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லையே."

"அப்ப யாரைக் கேக்கறது?"

"உன்னைத்தான்."

"அந்தப் பழக்கம் விட்டுப்போச்சே, மதர்."

"என்ன கூத்து இது!" என்றேன். "இன்னிக்கு நீ கன்னியாஸ்திரியா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"அதான்ப்பா எனக்கும் தெரியல. காலையில என் பங்குப் பாத்திரத்தைக் கழுவினேன். கழுவணுமான்னு தெரியாமலே கழுவினேன்."

நாங்கள் இருவரும் வெளியே வந்து, நான் இரண்டு சீட்டுகளையும் அவளிடம் காட்டியபோது, மடத்து வாசலுக்கு எதிரே பேருந்து வந்து நின்றது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா ஏறிடுறேன்."

படிக்க வேண்டிய பாடம் முதல் காலணியின் நிறம் வரை அவளுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தவன் நான். 'ஏறு' என்னும் சொல் நாக்கு நுனியில் நின்றது. ஏறினாலும் என் பேச்சுக்காகத்தானே ஏறுவாள்? அதற்காகவா வந்தேன்?

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். அவளிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை.

"பெரியவரே, ஏறுறீங்களா, இல்ல பஸ்ஸைக் கட்டிப்போடட்டுமா?" என்று நடத்துநர் கத்தினார்.

மகள் சிரித்துவிட்டாள். நழுவிய முக்காட்டில் ஊசியை மீண்டும் குத்தினாள். "நாளைக்குப் பத்து மணிக்குப் பூசை. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

யார்மேல் கோபப்படுவதென்று விளங்காமல் ஏறி, இரண்டு சீட்டுகளையும் நீட்டினேன்.

"இன்னொருத்தர் எங்க சார்?"

சன்னல் வழியே பார்த்தேன். எவரிடமும் கேட்காமல், அவள் மடத்தின் இரும்புக் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டிருந்தாள்.