தொட்டி தேய்த்தவள்

காத்தாயி செத்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. உடல் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் கிடக்கிறது. அதற்குள் சபைச் செயலாளர் பெனிஸ், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். கல்லறைத் தோட்டம் உறுப்பினர்களுக்கு மட்டும். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்தான் உறுப்பினர். காத்தாயி எடுத்ததில்லை. ஆகவே ஓட்டுக்கு விட வேண்டும் என்றார்.

பாஸ்டர் சுவிசேஷமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாப்டிஸ்ட் சபையில் மேலே பிஷப் என்று யாரும் கிடையாது. எதுவானாலும் உறுப்பினர்கள் கை தூக்கித்தான் முடிவு. முப்பத்திரண்டு வருடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். செத்தவளைப் புதைக்க ஆறடி மண் கொடுப்பதற்குக்கூட ஓட்டு கேட்பார்கள் என்று யார் கண்டது?

"ஏனுங்க பெனிஸ், அந்தம்மாவ உங்களுக்குத் தெரியாதா? நீங்க முழுக்கு எடுத்தன்னிக்கு அந்தத் தொட்டியத் தேச்சுக் கழுவுனது யாரு?"

"தெரியுமுங்க பாஸ்டர். நான் இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா இருக்கிறதே சரிவுல கொஞ்சூண்டு எடம். இன்னிக்கு இவங்களுக்குக் குடுத்தா நாளைக்கு லைன் ஆளுங்க எல்லாருக்கும் குடுக்கோணும்."

லைன் ஆளுங்க. அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது. குடியுரிமை கிடைக்காமல் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, ஜெகதளா ஊருக்கு மேலே இந்தத் தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்தே தேய்ந்துபோன ஜனங்கள். பதினோரு குடும்பம். ஒரு ஞாயிறு தவறாமல் வந்து கடைசி இரண்டு நீள பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருவார்கள். ஒருவர் பெயரும் உறுப்பினர் பதிவேட்டில் கிடையாது.

காத்தாயி செய்ததெல்லாம் சுவிசேஷமுத்துவின் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஞானஸ்நான ஆராதனைக்கும் முதல் நாள் அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிடுவாள். தேங்காய் நாரைப் போட்டுப் பாசியைத் தேய்ப்பாள். யாரும் வழுக்கி விழக்கூடாது என்று வெறுங்காலால் தரையைத் தடவித் தடவிப் பார்ப்பாள். அந்தத் தொட்டியில் அவர் நானூற்றுச் சொச்சம் பேரை முக்கி எடுத்திருக்கிறார். அவளை முக்கவில்லை.

"ஒன்னே ஒன்னு சொல்லுங்க பாஸ்டர்," என்றார் பெனிஸ். "அந்தம்மா முழுக்குக் கேட்டாங்களா, இல்லையா? கேக்காதவங்களுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

சுவிசேஷமுத்து வாயைத் திறந்தார். கோபத்தில் கத்துவதற்குத்தான் திறந்தார்.

கேட்டாள். வருடம் தவறாமல் கேட்டாள். "அங்கதான் சிலோன்ல நமக்குப் பேர் பதியலீங்க ஐயா. இங்கயாச்சும் உங்க புஸ்தகத்துல பதிஞ்சிருங்களேன்," என்பாள். அவர்தான் வேண்டாம் என்றார். கிறிஸ்தவள் என்று பதிவேட்டில் பெயர் ஏறினால் நாளைக்கு அவள் மகன் முத்துவேலின் எஸ்.சி. சான்றிதழுக்கு ஏதாவது வில்லங்கம் வந்துவிடும் என்று பயந்தார். பையன் படிக்கட்டும் என்றார். பிறகு வேலை கிடைக்கட்டும் என்றார். பிறகு வேலை நிரந்தரமாகட்டும் என்றார். பதினோரு குடும்பத்துக்கும் இதே பாட்டுத்தான். அதைப் புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டார்.

"கேட்டாங்க," என்றார். "நாந்தான் தள்ளிப்போட்டேன். அவங்க பையனுக்காக."

அம்மாவுக்கு இடம் கேட்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த முத்துவேல் எழுந்தான். இரவெல்லாம் அழுத முகம்.

"எனக்காகவுங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா ஐயா? சர்டிபிகேட்டுக்கு என்ன வருதோ அத நான் பாத்திருப்பேனுங்க. எங்கம்மா நேத்து மூச்சு இழுக்கறப்பவும், ஐயா எப்ப முக்குவாருன்னுதான் கேட்டுச்சு."

அவர் பதில் சொல்வதற்குள் பெனிஸ் ஓட்டுக்கு விட்டுவிட்டார். காத்தாயிக்கு இடம் கொடுக்கலாம் என்பவர்கள் கை தூக்கலாம். முன்னால் பத்தொன்பது கை எழுந்தது. பின்னால் இரண்டு பெஞ்சும் மொத்தமாகக் கை தூக்கின. முப்பது கைக்குக் குறையாது. தேயிலைக் கறை பிடித்த விரல்கள்.

"பின்னாடி இருக்கறவங்க கைய எறக்கிடுங்க. உங்களுக்கு ஓட்டு இல்லீங்க," என்றார் பெனிஸ். சாந்தமாகத்தான் சொன்னார். "பத்தொம்போது. வேண்டாங்கறவங்க?"

முப்பத்தொன்பது.

சுவிசேஷமுத்து மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். பத்தொன்பதும் முப்பதும் நாற்பத்தொன்பது. காத்தாயி ஜெயித்திருப்பாள். பெனிஸ் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் ஒரே நொடியில் திரும்பி அவர் மேலேயே பாய்ந்தது. அந்த முப்பது கையையும் செல்லாக் கையாக்கியது பெனிஸ் இல்லை, அவர்.

முத்துவேல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான். "ஓடைக்கரையில எங்க ஆளுங்களப் பொதைக்கிற எடம் இருக்குதுங்க. அங்கயே கொண்டு போறோம்."

"நான் வந்து ஜெபம் பண்றேன் முத்துவேலு."

"வேண்டாமுங்க ஐயா. நீங்க வர வேண்டாம்."

மரியாதையாகத்தான் சொன்னான். அவன் பின்னால் இரண்டு பெஞ்சும் எழுந்து போயின. ஒரு பாட்டுப் புத்தகம்கூடக் கீழே விழவில்லை.

பெனிஸ் தீர்மானத்தை எழுதி முடித்தார். "ஜெபத்தோட முடிச்சிடுங்க பாஸ்டர்."

எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"மாட்டேன்," என்றார் சுவிசேஷமுத்து. "கண்ணத் தொறங்க. திரும்பி அந்த ரெண்டு பெஞ்சப் பாருங்க. முப்பத்திரண்டு வருசமா நான் பண்ணுன ஊழியம் அதுதான்."

கண்ணைத் திறந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.