மீன் சமையலுக்கு நடுவே யோனா

எடின்பரோவில் புத்தகம் போட்டு விற்கும் டங்கன் கிலெஸ்பி திங்கட்கிழமை கடையைத் திறந்ததுமே போதகர் மெக்வார்ட் வந்து நின்றார். கையில் அவருடைய புதுப் பிரசங்கப் புத்தகம்.

"நேத்து ஓய்வுநாள். அடுப்பு மூட்டல, ஆறிப்போன கறிதான். சாப்பிட்டுட்டுக் குடும்பத்துக்கு இதை வாசிக்கிறேன். தீர்க்கதரிசி யோனாவைக் கடல்ல போட்டாச்சு, பெரிய மீன் வாயைத் திறக்குது. பக்கத்தைத் திருப்பினா, 'மீனைக் கழுவி, ஓட்ஸ் மாவில் புரட்டி, பொன்னிறமாக வறுக்கவும்'! பிள்ளைங்க மேசைக்கு அடியில போய்ச் சிரிக்குதுங்க, கிலெஸ்பி!"

கிலெஸ்பிக்குப் புரிந்துவிட்டது. போன வாரம் இதோடு ஒரு சமையல் புத்தகமும் தைக்கப் போயிருந்தது. ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கமாக மடித்த ஒரு அச்சுத் தாள், இடம் மாறிவிட்டது.

"யாரு செஞ்ச வேலை? அவங்களை இன்னிக்கே அனுப்பிடு. இல்லேன்னா என் அடுத்த புத்தகம் உனக்கில்ல."

பின்கட்டில் ஃபாரம் மடிக்கும் எல்ஸ்பெத் அப்படியே நின்றுவிட்டாள். கணவனை இழந்தவள், அந்தக் கூலியில்தான் மூன்று பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

போதகரின் புத்தகம் போனால் கடைக்குப் பெரிய அடி. ஆனால் பனிக்காலத் தொடக்கத்தில் தான் செய்தது கிலெஸ்பியின் நெஞ்சில் குத்தியது.

"அது நான்தான் ஐயா. சன்னலோரம் மடிச்சிட்டிருந்த எல்ஸ்பெத் அம்மாவை இருட்டு மூலைக்குத் தள்ளிட்டு, சன்னல்கிட்ட என் மேசையைப் போட்டேன். அந்த இருட்டுலதான் ஃபாரம் மாறிப்போச்சு. அனுப்பணும்னா என்னைத்தான் அனுப்பணும்."

போதகர் வாயைத் திறப்பதற்குள், லீத் துறைமுகச் சத்திரத்துச் சமையல்காரி கிர்ஸ்டி சமையல் புத்தகத்தோடு உள்ளே நுழைந்தாள்.

"என்ன கூத்து கிலெஸ்பி ஐயா இது? மீன் வறுக்கறதைத் தேடினா மீன் வயித்துக்குள்ள யோனா இருக்காரு!"

"மன்னிச்சிரும்மா, மாத்தித் தரேன்."

"மாத்தறது இருக்கட்டும். உள்ள கெடந்து அவரு என்ன நெனச்சாருன்னு இப்படி யாருமே சொன்னதில்ல. கப்பல்காரனுங்க அடுப்பைச் சுத்தி நின்னு கேட்டானுங்க. கோயில் வாசலை மிதிக்காத பயலுங்க! பாதியில நின்னுபோச்சு. மீதியக் குடுங்க, இல்லேன்னா எனக்குச் சமைக்க வழியில்ல."

போதகர் தொண்டையைச் செருமினார். காது சிவந்திருந்தது.

"உக்காரும்மா. மீதியை நானே சொல்றேன்."

அவர் சொல்லத் தொடங்கினார். கிலெஸ்பி சன்னலோரத்து மேசையை இழுத்தார், அது அசைவதாயில்லை. யோனா கரையேறும் நேரத்தில், பேச்சை நிறுத்தாமலே, போதகர் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.

எல்ஸ்பெத் தன் ஃபாரக் கட்டுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள்.