நாற்பதாவது சீட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம், தூத்துக்குடியில் வீட்டுக் கமிட்டி நடத்திய குலுக்கலில், அண்டாவிலிருந்து எடுத்த நாற்பது சீட்டிலும் சீனித்தாய் என்ற ஒரே பெயர் இருந்தது. அண்டாவில் போட்டவை தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு சீட்டுகள். அத்தனையிலும் வேறு வேறு பெயர்கள். மிச்சத்தைக் கொட்டிப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. எடுத்த நாற்பதைத் திரும்பப் போட்டதும் அவையும் பழைய பெயர்களுக்கே திரும்பிவிட்டன. கை பட்டு வெளியே வருகிற சீட்டு மட்டும் சீனித்தாயாக வந்தது.

துறைமுகத்திலும் உப்பளத்திலும் பாடுபடுகிறவர்களுக்கென்று அந்த நாற்பது வீடுகளைச் சண்டைக் காலத்தில் கட்டத் தொடங்கினார்கள். சிமெண்ட் கிடைக்காமல் சுவர்கள் மூன்று வருடம் இடுப்பளவில் நின்றன, ஆடுகள் குடியிருந்தன. சண்டை முடிந்து, வெள்ளைக்காரனும் கப்பலேறிய பிறகு கூரைக்கு ஓடு வந்தது. ஏழைக்குத் தாங்குகிற வாடகை, பூட்டிக்கொள்ளக் கதவு, நாலு வீட்டுக்கு ஒரு குழாய். பஞ்சுக் கிட்டங்கியில் பொதி தைக்கிற சீனித்தாய், விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்து இரண்டு வருடமாகிவிட்டது. அவள் புருஷன் அய்யாக்குட்டி கப்பலில் நிலக்கரி இறக்கி நெஞ்சு கெட்டவன். அவர்கள் குடிசையில் மழைக்காலத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். இன்னொரு மழையை அந்த ஈரத்தில் அவன் தாங்கமாட்டான் என்று தர்மாஸ்பத்திரி டாக்டர் ஆடியிலேயே சொல்லியிருந்தார். அந்த ஐப்பசியை எப்படியோ தாண்டிவிட்டான். அடுத்த ஐப்பசிக்குள் சீனித்தாய்க்கு வீடு வேண்டும்.

கமிட்டி குமாஸ்தா ஞானதீபம் மறுபடி எடுத்தார். சீனித்தாய். போலீஸ்காரர் எடுத்தார். சீனித்தாய். பங்குச் சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு எடுத்தார், அம்மன் கோவில் பூசாரி திருநீறு பூசிக்கொண்டு எடுத்தார். இரண்டு பேருக்கும் வித்தியாசமில்லாமல் அவளே வந்தாள். மைதானத்தில் நின்ற கூட்டம் மெல்ல மெல்ல மேடையை நெருங்கியது. முன்வரிசையில் நின்ற பிளாரன்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். சீனித்தாயின் அடுத்த குடிசைக்காரி. கொழும்புக்குத் தோணியேறிப் போன புருஷனிடமிருந்து எட்டு மாதமாகத் தகவல் இல்லாமல், மூன்று பெண்பிள்ளைகளோடு கிடப்பவள்.

“ஏளா சீனித்தாயி! எங்கன போயி மந்திரிச்சுட்டு வந்த? நாப்பது வீட்டுலயும் நீ ஒருத்தியே குடியிருக்கப் போறியா?”

ஒரு கல் வந்து மேடைப் பலகையில் விழுந்தது. இன்னொன்று சீனித்தாயின் தோளை உரசிப் போனது. கமிட்டித் தலைவர் எழுந்து, இது மோசடி, இவள் விண்ணப்பத்தை ரத்து செய்கிறேன், ஸ்டேஷனுக்கும் எழுதுகிறேன் என்றார். ஓடினால் கூட்டம் விடாது. நின்றால் போலீஸ்.

“எம்பேர எழுதவே எனக்குத் தெரியாதுய்யா,” என்றாள். “நானே ஒருக்க எடுத்துப் பாக்கேன்.”

தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் எடுத்த சீட்டை ஞானதீபம் வாங்கிப் படித்தார்: உப்பளத்து முத்துக்கனி. கூட்டத்தின் பின்பக்கம் யாரோ ஓவென்று அழுதார்கள். அடுத்தது மரியான், அதற்கடுத்தது நயினார். பத்தாவது சீட்டில் சீனித்தாய்க்கு விஷயம் விளங்கிவிட்டது. எல்லாக் கைக்கும் அவள் வருவாள். அவள் கைக்கு மட்டும் வரவே மாட்டாள். விளங்கியும் கையை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் அய்யாக்குட்டியின் இருமல் அவள் காதுக்குள் கேட்டது. முப்பத்தொன்பது முடிந்தது. கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

“கடைசிய வேற யாராச்சும் எடுங்கய்யா.”

கூட்டத்துக்கும் அதற்குள் கணக்குப் புரிந்திருந்தது. வேறு யார் எடுத்தாலும் அந்த வீடு அவளுக்குத்தான். சீட்டு விழாமல் மிஞ்சியிருந்த எண்ணூற்றுச் சொச்சம் பேரில் பாதிப்பேர் கூடாது என்று கத்தினார்கள். யார் கை எடுக்கிறதோ அதே கைதான் கடைசிவரை எடுக்கவேண்டும், அதுதான் சட்டம் என்றார் தலைவர். அப்போது பிளாரன்ஸ் மேடையேறினாள். அவள் பெயரும் இதுவரை வரவில்லை. அடிக்கத்தான் வருகிறாள் என்று சீனித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிளாரன்ஸ் தலைவரைத்தான் பார்த்தாள். “சாமியார் கை, பூசாரி கை, போலீஸ்காரர் கை எல்லாம் அண்டாக்குள்ள போச்சே. அப்ப எங்கய்யா போச்சு ஒங்க சட்டம்?”

தலைவர் சட்டப் புத்தகத்தைத் தேடினார். பிளாரன்ஸ் நீட்டிய கை அண்டா விளிம்போடு நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்தி, “நான் எடுத்தா ஒனக்கு. நீ எடுத்தா எவளுக்கோ. எனக்கும் மூணு பொட்டப்புள்ள கெடக்குளா,” என்றாள். சீனித்தாய் அவளை வெறித்துப் பார்த்தாள். தோளில் கல் உரசிய இடம் இன்னும் எரிந்தது. பிறகு சட்டென்று பிளாரன்ஸின் மணிக்கட்டைப் பிடித்து, தன் கையோடு சேர்த்து அண்டாவுக்குள் விட்டாள்.

இரண்டு கையும் பிடித்து வந்த சீட்டை ஞானதீபம் இரண்டு தடவை படித்தார். ஒரே மை, ஒரே கையெழுத்து. சீனித்தாய், பிளாரன்ஸ் என்று இரண்டு பெயர்கள். சட்டப் புத்தகத்தைப் புரட்டிய தலைவர், இரண்டு பேர் கூடாது என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை என்று கண்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

பங்குனியில் குடிபோனார்கள். முதலில் சீனித்தாயின் சாமான்கள், அய்யாக்குட்டியின் கட்டில், பிள்ளைகள் இரண்டு பேர். பிறகு பிளாரன்ஸும் மூன்று பெண்களும் மாதா படமும். இடம் மிச்சமிருந்தது. ஓவர்சியர் வந்து அளந்தார். நாற்பதாம் வீடு வெளியே மற்ற வீடுகளைப் போல பன்னிரண்டடி, உள்ளே இருபத்துநாலடி. மூன்று தடவை அளந்து, அப்படியே எழுதிக்கொண்டு, பிளாரன்ஸ் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, குழாய் ஒழுகுகிறது என்று புகார் சொன்ன அடுத்த வீட்டுக்குப் போனார். அய்யாக்குட்டி அந்த ஐப்பசி மழையைத் தாண்டினான், அதற்குப் பிறகு பதினோரு மழையையும் தாண்டினான். குடிபோன வருடமே ஆவணியில் ஒருநாள் உச்சிவெயிலில் பிளாரன்ஸின் புருஷன் தகரப்பெட்டியோடு விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். தெருவில் நின்று வீட்டைப் பார்த்தான், உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தான், சட்டையைக் கழற்றி, எங்கே மாட்டுவது என்று கேட்டான்.