கரேலியாவில் ஆளில்லை

ஹாகன்ஸ்டாட் வீட்டில் ஒரு கிறுக்குத்தனமான வழக்கம் இருந்தது. யாருக்கும் செய்யப் பிடிக்காத வேலை ஒன்று வந்துவிட்டால், நிலவறைக்குப் போய் இரண்டாம் உலகப்போர் விளையாட்டுப் பலகை ஒன்றை விரிப்பார்கள். தோற்றவன் வேலைக்குப் போவான். ஜெயித்தவன் காய்களை அடுக்கி வைப்பான். கூரையில் ஏறிப் பனிக்கட்டி உடைப்பது, சாக்கடைக் குழாய் அடைப்பு எடுப்பது, ஒரு ஜனவரியில் கல்லாய் இறுகிக் கிடந்த மண்ணைத் தோண்டி நாயைப் புதைத்தது, எல்லாம் இப்படி முடிவானதுதான். வழக்கத்தை ஏற்படுத்தியவர் அப்பா ஆர்வில், அமெரிக்காவின் டுலூத் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கப்பல்களுக்கு இரும்புத்தாது ஏற்றியவர். இப்போது அவர் மேட்டுத் தெரு ஆஸ்பத்திரியில், வாயில் குழாயோடு, பன்னிரண்டு நாளாகக் கண் திறக்காமல் கிடந்தார். அந்தக் குழாயை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது யார் என்று தீர்மானிக்கத்தான், அவர் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் சனிக்கிழமை காலையில் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கேட்கிறவர்கள் காறித் துப்புவார்கள். அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

யோசனை தம்பி லைலுடையது. "மூளை இனித் திரும்பாது, அப்பா எழுதி வைத்த பத்திரத்தில் உங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, ஒருவர் கையெழுத்து போதும்" என்று டாக்டர் சொன்னபோது, அந்த 'ஒருவர் போதும்' மட்டும் லைலின் காதில் ஒட்டிக்கொண்டது. மினியாபொலிஸில் இன்ஷூரன்ஸ் விற்கிறவன் அவன். அம்மா செத்தபோதும் ஏதோ கூட்டம் என்று சொல்லி ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தான். சாவு நடக்கிற அறைக்குள் அவனால் போக முடியாது.  நாற்பத்தைந்து வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"பலகையப் போடுவோமாண்ணே?" என்று அவன் கேட்டான்.

அண்ணன் ரோல்ஃப் மாநகராட்சியில் பனி வாருகிற லாரி ஓட்டுகிறவன். வாயில் வார்த்தை சுலபத்தில் வராது. "சரி, போடு" என்றான்.

போன தடவை தோற்றவனுக்கு ஜெர்மனியும் ஜப்பானும். அதாவது லைலுக்கு. ரோல்ஃபுக்கு ரஷ்யா, இங்கிலாந்து, அமெரிக்கா. பக்கத்து வீட்டு லோர்னா கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் ஒரு ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கரண்டியைத் தொடவில்லை.

"என்ன வாங்கப் போறே? வழக்கம் போல விமானமா?" என்றான் ரோல்ஃப். "அப்பா சொல்லுவாருல்ல, லைல் கையில ஜெர்மனியக் குடுத்தா ஆகாயத்துல கடை போடுவான், தரையில நிக்க ஒரு ஆளு இருக்க மாட்டான்னு."

"இந்தத் தடவை விமானம் கெடையாது. எட்டு சிப்பாய்."

"அடேங்கப்பா. புத்தி வந்திருக்கே."

வந்துதான் இருந்தது. முந்தைய ராத்திரி முழுக்க லைல் படுக்கையில் புரண்டபடி அப்பாவைப் பற்றி நினைக்கவில்லை, இந்த ஆட்டத்தைப் பற்றித்தான் நினைத்தான். அதை நினைத்து அவனுக்கே அவமானமாக இருந்தது. ஆனாலும் நினைத்தான். ஜெர்மனி தோற்பது அவசரத்தால். முதல் இரண்டு சுற்றும் மலிவான சிப்பாய்களை வாங்கிக் கிழக்கே நடத்த வேண்டும். மூன்றாம் சுற்றில் டாங்கி வாங்கினால், நடந்து போனவர்களை டாங்கிகள் சரியான நேரத்தில் எட்டிப் பிடிக்கும். ஆப்பிரிக்காவை இங்கிலாந்துக்காரன் எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும். ஜப்பான் அமெரிக்காவோடு மல்லுக்கட்டாமல் சைபீரியா வழியாக வர வேண்டும். இரண்டு பக்கமும் நெருக்கினால் மாஸ்கோ விழும். மாஸ்கோ விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

நாலாம் சுற்று வரைக்கும் திட்டம் பிசகாமல் நடந்தது. ஆனால் ரோல்ஃப் லேசுப்பட்ட ஆள் இல்லை. மாஸ்கோவில் பதினான்கு சிப்பாய்களைக் குவித்து வைத்திருந்தான். அதற்கு முன்னால், ஜெர்மனி வருகிற வழியிலிருந்த எல்லை நாடான கரேலியாவில் ஒரே ஒரு சிப்பாய். அந்த ஒற்றைச் சிப்பாய்தான் அப்பாவின் முதல் பாடம். டாங்கி ஒரு சுற்றில் இரண்டு நாடு தாண்டும், ஆனால் முதல் நாடு காலியாக இருந்தால்தான். அங்கே ஒருத்தன் நின்றால் போதும், எத்தனை டாங்கி வந்தாலும் அன்றைக்கு அங்கேயே நிற்க வேண்டியதுதான். சாகத்தான் அவனை நிறுத்துகிறோம். ஆனால் அவன் செத்து ஒரு சுற்றை வாங்கித் தருவான். இதை ரோல்ஃப் பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு தடவைகூட மறந்ததில்லை.

லைல் கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்தச் சுவரை உடைக்க இன்னும் இரண்டு சுற்றாவது ஆகும். அதற்குள் அமெரிக்கக் கப்பல்கள் பிரான்ஸில் ஆள் இறக்கிவிடும். தோல்விதான்.  ஆஸ்பத்திரியில் நாலு மணிக்குள் வரச் சொல்லியிருந்தார்கள்.

ரோல்ஃபின் முறை. அவன் வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மாஸ்கோவிலிருந்த பதினான்கில் பன்னிரண்டை அள்ளி ஜப்பானுக்கு எதிராகக் கிழக்கே வைத்தான். கடைசியாகக் கரேலியாவில் நின்ற ஒற்றைச் சிப்பாயை இரண்டு விரலால் எடுத்து, வடக்கே ஒன்றுக்கும் உதவாத ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தான். கையை எடுத்துவிட்டான்.

அந்த வீட்டில் இன்னொரு விதியும் உண்டு. எதிராளி முறையை முடிக்கும்போது "முடிஞ்சுதா?" என்று ஒரு தடவை கேட்டே ஆக வேண்டும். பதில் சொல்கிற வரைக்கும் அவன் மாற்றிக்கொள்ளலாம்.

லைல் கேட்டான். "முடிஞ்சுதாண்ணே?"

ரோல்ஃப் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். "முடிஞ்சுது."

இது மறதி இல்லை என்று லைலுக்குத் தெரிந்தது. முப்பது வருஷமாகத் தன்னைப் புரட்டி எடுத்தவன் கரேலியாவைத் திறந்து வைத்துவிட்டு 'முடிஞ்சுது' என்று சொன்னால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். தம்பி பயந்தாங்கொள்ளி, அவனைக் காப்பாற்றுவோம் என்று பிச்சை போடுகிறான். ஐந்து டாங்கிகள் எல்லையில் நின்றன. அவற்றைத் தொடாமல் விட்டுவிடலாம். லைல் அதையும் யோசித்தான், அப்படி ஒன்றும் யோசிக்காதவன் இல்லை. ஆனால் அந்த அறையும் அந்தக் குழாயும் அந்த இயந்திரம் மூச்சு விடுகிற சத்தமும் கண்முன்னால் வந்தன. டாங்கிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு கரேலியா வழியாக மாஸ்கோவுக்குள் போனான். பகடையை உருட்டினான். அங்கே மிஞ்சியிருந்த இரண்டு பேர் எந்த மூலைக்கு.

"நல்ல ஆட்டம்" என்று சொல்லிவிட்டு ரோல்ஃப் எழுந்து கோட்டை மாட்டினான். பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டுவிட்டுத் திரும்பக் கழற்றினான். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றான்.

"நீ வரியா? சும்மாத்தான் கேட்டேன்."

"ஜெயிச்சவன் அடுக்கணும்ல" என்றான் லைல், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு லாரி கிளம்பிப் பனியை அரைத்துக்கொண்டு போனது. மணி இரண்டரை.

சாம்பல் நிறக் காய்களை ஒரு பைக்குள், பழுப்பு நிறத்தை இன்னொன்றில் என்று லைல் அடுக்கத் தொடங்கினான். பத்து நிமிஷ வேலை. அதை அவன் ஒன்றரை மணி நேரம் செய்தான். மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தான், ஆகவில்லை.  தன்மேலேயே அருவருப்புத்தான் வந்தது.

நாலேகாலுக்கு, வெளியே இருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில், போன் அடித்தது.

"குழாய எடுத்துட்டாங்க" என்றான் ரோல்ஃப். "உடனே போயிரும்னாங்க. போகல. ஒரு மணி நேரம் தானா மூச்சு விட்டாரு. இப்பத்தான் அடங்குச்சு."

ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து எட்டு நிமிஷம்.

"நீ பக்கத்துல இருந்தியாண்ணே?"

"இருந்தேன். ஒரு கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்." ரோல்ஃப் மூக்கை உறிஞ்சினான். "இன்னொரு கை சும்மாவே கெடந்துச்சுடா."

லைல் படியில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வரும் என்று பார்த்தான். அதுவும் வரவில்லை.

"வேணும்னேதான கரேலியாவ விட்டே?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எடுத்தேன்."

"அது எனக்கும் தெரியும்." ரோல்ஃப் மறுபடியும் மூக்கை உறிஞ்சினான். "நீ எடுக்க மாட்டேன்னு நெனச்சேன். பலகைய மூடிட்டு, வாண்ணே, ரெண்டு பேருமா போலாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்."

  லைல், எதையாவது செய்துவிடத் துடித்து, "பாதிரியாருக்கு நான் சொல்லிர்றேண்ணே, சவப்பெட்டிக்காரங்களையும் நானே பாத்துக்கறேன்" என்றான்.

"வேண்டாம்டா, நானே பாத்துக்கறேன்" என்றான் ரோல்ஃப், ஒரு துளிக் கோபமும் இல்லாமல். "நீதான் ஜெயிச்சிட்டியே."