நாற்பதாம் பக்கத்தில் நிலுவை

நாட்டின் கடனை எண்ணுகிற அலுவலகத்தில் அக்காவின் கணக்குதான் முடிவான கணக்கு. அரசு வாங்கிய கடனையெல்லாம் கூட்டி, நாட்டின் ஒரு வருட உற்பத்தியில் அது எத்தனை சதவீதம் என்று அவள் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டினால் வெளியே ஒருவரும் நம்பிக் கடன் தர மாட்டார்கள். இந்த வருடம் ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு. மயிரிழையில் தப்பியது மானம்.

தப்பிய விதம் அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரி முட்ட இருந்தது. அரசுக்குச் சரக்கு கொடுத்துவிட்டுக் காசுக்காகக் காத்திருப்பவர்களின் பில்கள். பாஸாகாத பில் கடனாகாது. பாஸ் பண்ணவோ ஆள் கிடையாது. வாசலில் நிற்பவனிடம், வீட்டில் யாரும் இல்லை என்று உள்ளேயிருந்தே குரல் கொடுக்கிற சாமர்த்தியம் இது.

ஆஸ்பத்திரிகளுக்குத் தன் லாரியில் ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றிப்போன அவள் தம்பியின் பில்லும் அந்த அலமாரியில்தான் கிடந்தது. சரக்கு வந்து சேர்ந்துவிட்டதால், பில் பாஸாகாவிட்டாலும் அதை 'நிலுவை' என்ற பாக்கி வரியிலாவது காட்டலாம். அக்கா மேலதிகாரியிடம் கேட்டும் பார்த்தாள்.

"காட்டினா அறுபத்தி மூணும்மா. அப்புறம் நம்ம சம்பளத்துக்கே திண்டாட்டம்."

அவள் 'நிலுவை: இல்லை' என்று எழுதினாள்.

கடன் அறிக்கை புத்தகமாக வெளியான வாரமே தம்பி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து நின்றான். லாரிக் கடனுக்குத் தவணை கட்டி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

"கவர்மென்ட் எனக்குப் பணம் தரணும்னு சொன்னா பேங்க்ல நம்பவே மாட்டேங்கறாங்கக்கா. அதான் உன் புத்தகத்தைத் தூக்கிட்டுப் போனேன். 'எங்க அக்கா போட்ட கணக்கு சார், ஒரு பைசா பிசகாது'ன்னு அடிச்சுச் சொன்னேன்."

அவன் புத்தகத்தைப் பிரித்து அவள் மேஜைமேல் வைத்தான்.

"மேனேஜர் நாப்பதாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டறார், நிலுவை இல்லையாம். அச்சுப் பிழைதானேக்கா? நீ ஒரு லெட்டர் எழுதிக் கொடு. இல்லாட்டி இன்னைக்கே லாரியை எடுத்துக்குவாங்க."

ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எழுதினால் அவள் வேலை போகும். அறிக்கையின் மானமும் கப்பலேறும். பேனா கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. பயம்தான் விடவில்லை.

"பிழை இல்லடா," என்றாள்.

அவன் கத்தியிருந்தால் தேவலை. அக்கா எந்தக் காலத்தில் தப்புக் கணக்குப் போட்டாள்? தன் பில்லில்தான் ஏதோ கோளாறு என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். சட்டைப் பையைத் தடவி லாரிச் சாவியை எடுத்தான்.

"அப்போ போய்க் கொடுத்துடறேன். பாவம், அந்த மேனேஜரைப் பொய்யன்னு திட்டிட்டு வந்துட்டேன்க்கா. மன்னிப்பும் கேட்டுடறேன்."