கப் வெள்ளைதான்

எங்கள் கப் வெள்ளை. கையில் கேமரா வரும்வரை இதை யாரிடமும் நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு வாடகை ஷெட்டில் நாங்கள் பதினோரு பெண்கள் குழுவாகச் சேர்ந்து கப், அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி செய்கிறோம். ஆர்டர் பிடிப்பதும் வெளியூர்க்காரர்களிடம் பேசுவதும் செல்வநாயகியாகிய என் வேலை. வெள்ளைக்குப் பொறுப்பு ஆராயி அக்கா. சூளையில் ஒரு சூடு கண்ட கப்பை, வெள்ளைப் பளபளப்பு தரும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுப்பதில் அவரை அடிக்க இந்தப் பேட்டையில் ஆள் கிடையாது. மூன்று எண்ணுவதற்குள் முக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி, கவிழ்த்து வைத்துவிடுவார். ஒரு நொடி கூடினால் வழியும், குறைந்தால் திட்டுத்திட்டாக நிற்கும். அக்காவின் கையில் வழிந்ததும் இல்லை, திட்டு விழுந்ததும் இல்லை.

புதுச்சேரியில் கஃபே நடத்தும் பூர்ணிமா என்கிற பெண் அறுநூறு கப் வேண்டும் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை.

"கப்பு வெள்ளையாத் தெரியற மாதிரி நல்ல படம் வேணுங்க்கா. அதைச் செய்யறவங்களே கையில வெச்சிருக்கணும். கடைச் சுவர்ல பெருசா மாட்டப் போறேன். படத்தைப் பாத்துட்டு ஆர்டரை உறுதி பண்றேன். மார்ச் கடைசிக்குள்ள படத்தை அனுப்பிடுங்க."

செல்போனில் எடுத்தேன். ஷெட்டின் டியூப்லைட் வெளிச்சத்தில் கப்புக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது. அந்த மாதம் எங்கள் சூளை ஒரே ஒரு தடவைதான் எரிந்தது. இந்த ஆர்டரும் கை நழுவினால் பதினோரு பேரில் பாதிப் பேர் முந்திரிக் காட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆராயி அக்காதான் முதலில் போவார், வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

கொழுந்தனார் துபாயிலிருந்து கொண்டுவந்த டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று பீரோவில் பாச்சை உருண்டைகளோடு படுத்திருந்தது. வீட்டில் யாருக்கும் அதை இயக்கத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பேக்கரி மாடியில் 'பத்தே ஞாயிறில் டிஎஸ்எல்ஆர்' என்று பேனர் தொங்கியது. போய்ச் சேர்ந்தேன். அறிவு கெட்டுப்போய் என்று சொல்லமாட்டேன், வேறு வழியில்லாமல்.

மாஸ்டர் திருமால், உடம்பு முழுக்கப் பை வைத்த சட்டைக்கோட்டு போட்டிருப்பார். பதினேழு பைகள். பத்து ஞாயிறும் கவனித்துவிட்டேன், ஒன்றிலிருந்தும் அவர் எதையும் எடுக்கவில்லை. என்னையும் சேர்த்துப் பதினைந்து பேர் மாணவர்கள்.

"போட்டோ எடுக்கறோம்னு இனிமே யாரும் சொல்லக்கூடாது. ஒளியைச் சேகரிக்கிறோம்னு சொல்லணும்" என்றார் முதல் ஞாயிறு. அன்று முழுக்க அதைச் சொல்லிப் பழகினோம். கேமராவைத் தொடவில்லை.

இரண்டாவது ஞாயிறு வேதவாக்கு இறங்கியது. கேமராவுக்குள் எட்டிப் பார்த்தால் கீழே ஒரு சின்ன அளவுகோல் தெரியும். அதில் ஒரு முள் இப்படியும் அப்படியும் நகரும். சக்கரத்தைத் திருகி அந்த முள்ளை நட்ட நடுவில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

"முள்ளு நடுவுல நின்னா படம் சரி. நகந்தா தப்பு. என் இருவது வருஷ அனுபவம் இந்த ஒரு வரிதான்" என்றார். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான் என்பது மட்டும் முழு உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிறு பழமலைநாதர் கோயில் கோபுரத்தைக் கீழே மல்லாந்து படுத்து எடுத்தோம். பூக்காரம்மா ஓடிவந்து, "யாருக்கு என்னா ஆச்சுங்க? தண்ணி கிண்ணி வேணுமா?" என்று கேட்டார். நான்காவது ஞாயிறு பின்னணியை மங்கவைப்பது. எங்கள் வகுப்பில் ராஜமாணிக்கம் என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். எந்த ஆபீஸ் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார், பதவியை மட்டும் கேட்க வேண்டும். இருப்பதிலேயே பெரிய லென்ஸ் அவருடையது. மனைவி அம்புஜவல்லியைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். மூக்குத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது, மற்றதெல்லாம் பனிமூட்டம்.

"அம்மா எங்கிங்க சார்?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஐந்தாவது ஞாயிறு என் கப் படத்தைக் கொண்டுபோனேன். ஜன்னலோரம் வைத்து, முள்ளை மயிரிழை பிசகாமல் நடுவில் நிறுத்தி எடுத்தது. கப் சிமெண்டு நிறத்தில் இருந்தது.

"சார், இது வெள்ளைக் கப்பு. ஏன் இப்பிடி வருது?"

மாஸ்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "முள்ளு நடுவுல இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அப்ப படம் சரி. இதுக்குப் பேரு 'மூடு', மேடம். வெள்ளைங்கறது ஒரு மனநிலை."

"எங்க வூட்டுச் செவுத்துல அடிச்ச சுண்ணாம்பும் மனநிலைதானுங்களா சார்?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தப் படத்தையே பூர்ணிமாவுக்கு அனுப்பிப் பார்த்தேன். 'சாம்பல் கலர் அழகா இருக்குதுக்கா, ஆனா நாங்க வெள்ளைதானே கேட்டோம்' என்று பதில் வந்தது.

அடுத்த வாரமே மாஸ்டர் என்னிடம் குழைந்தார். ஏழாவது ஞாயிறு வெளியே போய் எடுக்க வேண்டும், உங்கள் ஷெட்டுக்கு வரலாமா என்று கேட்டார். கப்பை நேரில் பார்த்தால் மனுஷன் ஒரு வழி சொல்ல மாட்டாரா என்ற நப்பாசையில் தலையாட்டினேன். படம் எடுக்க வருகிறார்கள் என்று ஆராயி அக்காவிடமும் சொல்லிவைத்தேன்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை அவரைத் தனியாக எடுத்த படம் ஆதார் கார்டில் இருப்பது ஒன்றுதான். "அந்த மூஞ்சிய எங்க வூட்டு ஆடு கூட அடையாளம் கண்டுக்காது நாயகி" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலை வாடாமல்லி நிறப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம், கொஞ்சம் பவுடர் என்று வந்து நின்றார். பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாஸ்டருக்கு முகம் விழுந்துவிட்டது.

"இவங்கதான் தொழிலாளியா? கஷ்டமே தெரியலியே மேடம்."

"வேலை செய்யறப்ப பாத்தா தெரியும் சார். இப்ப குளிச்சிட்டு வந்திருக்காங்க."

அவர் காதில் வாங்கவில்லை. பூவை எடுக்கச் சொன்னார். மூலையில் கிடந்த பழைய புடவையைத் தலையோடு சுற்றிக்கொள்ளச் சொன்னார். மண் கரைசலை விரலால் தொட்டு அக்காவின் கன்னத்தில் இரண்டு கோடு இழுத்தார் ராஜமாணிக்கம், பொட்டு வைக்கிற மாதிரி அவ்வளவு கவனமாக. சூளையில் புகை வரவில்லையே என்று அடுத்த குறை. அது கேஸ் சூளை, புகை வந்தால்தான் தப்பு என்று சொன்னேன். உடனே தென்னை நாரைக் குவித்துக் கொளுத்தினார்கள். பக்கத்துப் பலகையில் கிளேஸ் ஈரம் காயாத நாற்பது கப் இருந்தது. கரி படிந்தால் சூளையில் எரிந்துபோகும், சாம்பல் போகாது, புள்ளி புள்ளியாக நிற்கும். நாற்பதையும் கழுவி மறுபடி முக்க வேண்டியதாயிற்று.

"சிரிக்காதம்மா! வாழ்க்கையில பட்டதெல்லாம் நெனச்சுக்க!" என்று பதினாலு பேரும் கத்தினார்கள். அக்கா என்னைத்தான் பார்த்தார். ஆர்டருக்காக என்று நினைத்து எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. கப்பை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, கடைசி ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால், பூர்ணிமா போன் செய்தாள். குரல் சரியில்லை.

"அக்கா, நெட்ல ஒரு படம் சுத்துது. உங்க யூனிட்டுதானா அது?"

மாஸ்டரின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ராஜமாணிக்கம் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், கடைசி ஞாயிறு நடக்கும் வகுப்புக் கண்காட்சியில் முதல் பரிசு பெறப் போவதாக அறிவிப்பு. 'சூளையில் வெந்த வாழ்க்கை' என்று தலைப்பு. புகைக்கு நடுவில் கன்னத்தில் சேறோடு ஆராயி அக்கா. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷன் பின்னணியை மங்கவிடாமல் எடுத்திருந்தார். எங்கள் குழுவின் பெயர்ப்பலகை எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

"இவ்வளவு புகையில வெச்சா வேலை வாங்கறீங்க? என் கடையில டீ குடிக்கிறவங்க கேப்பாங்கக்கா. ஆர்டரை நிறுத்தி வெச்சிடறேன்."

"ஒரே ஒரு நாள் குடும்மா. உண்மையான படம் அனுப்பறேன்" என்று கெஞ்சினேன்.

மறுநாள் காலை ஷெட்டு வாசலில் அக்காவை அதே வாடாமல்லிப் புடவையில், பூவோடு, கையில் கப்போடு நிற்கவைத்தேன். முள் நடுவில். கப் சாம்பல். மறுபடி எடுத்தேன், மறுபடி சாம்பல். ஆத்திரத்தில் பக்கத்தில் கிடந்த கரிபிடித்த இரும்புச் சட்டியைப் படம் எடுத்துப் பார்த்தேன், அதற்கும் முள் நடுவில். சட்டியும் சாம்பலாக வந்தது.

அப்போதுதான் உறைத்தது. வெள்ளையைக் காட்டினாலும் சாம்பல் என்கிறது, கரியைக் காட்டினாலும் சாம்பல் என்கிறது. இந்த முள்ளுக்குத் தெரிந்த நிறமே ஒன்றுதான். இதைப் போயா இத்தனை ஞாயிறு கும்பிட்டோம்? சக்கரத்தைத் திருகி முள்ளை நடுவிலிருந்து இரண்டு கோடு வலப்பக்கம், வெளிச்சம் கூடுகிற பக்கம், தள்ளினேன். மாஸ்டர் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

கப் வெள்ளையாக வந்தது. அக்கா முக்கி எடுத்த அதே வெள்ளை.

பின்பக்கத் திரையில் காட்டினேன். "ஐய, இதான் நம்ம கப்பு!" என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு இன்னொன்று எடுத்தேன். அதைப் பார்த்து, "இத எங்க வூட்டு ஆடு கண்டுபுடிச்சிரும்" என்றார்.

அரை மணியில் பூர்ணிமா அழைத்தாள். "இதான் எனக்கு வேணும்க்கா! ஆனா அந்தப் படத்தை நெட்லேர்ந்து எடுக்கச் சொல்லிடுங்க. என் சுவர்ல இது, நெட்ல அதுன்னா எது நிஜம்னு கேப்பாங்க. அது எறங்கின அன்னிக்கே ஆர்டர் உறுதி."

கடைசி ஞாயிறு காலை கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கண்காட்சி. நானும் அக்காவும் போனோம். ராஜமாணிக்கத்தின் படம் தேக்குச் சட்டம் போட்டு நடுவில் தொங்கியது. கீழே 'பெயர் அறியா உழைப்பாளி' என்று அட்டை. பெயர் கேட்டிருந்தால் அக்காவே சொல்லியிருப்பார்.

அக்கா படத்துக்கு நேர் எதிரே போய் நின்று பார்த்தார். ராஜமாணிக்கம் ஓடிவந்தார். "கொஞ்சம் ஓரமா நில்லும்மா. படத்தோட நான் ஒரு போட்டோ எடுத்துக்கணும்."

நான் மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். படத்தை இறக்க வேண்டும், நெட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். கூடவே என் படத்தையும் போனில் காட்டி, முள்ளைத் தள்ளி எடுத்த விதத்தையும் சொன்னேன். ஒரு பார்வை பார்த்தார்.

"முள்ளு ரெண்டு கோடு தள்ளி நின்னுருக்குது மேடம். தப்பு. சிரிப்பு வேற. இதுல என்னா இருக்குது?" பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார். "பரிசு வாங்கின படத்தை நீங்க சொல்லி எறக்க முடியாது. அது அந்தம்மாவோட உரிமை. அவங்க நேர்ல வந்து சொல்லட்டும், அடுத்த நிமிஷமே எறக்கிடறேன்!"

அந்தம்மா அவருக்கு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

அக்காதான் முதலில் அசைந்தார். தலையிலிருந்த பூவை எடுத்து என் கையில் கொடுத்தார். முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார். சிரிப்பை அணைத்துவிட்டு, நெற்றியைச் சுருக்கி, கண்ணை மேலே தூக்கி, அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே பார்த்தார்.

"இப்ப யாருன்னு தெரியுதுங்களா?"

தெரிந்துவிட்டது. ராஜமாணிக்கம்தான் முதலில் கேமராவைத் தூக்கினார், அப்புறம் பதினாலும் தூக்கியாயிற்று.

"அப்பிடியே இருங்கம்மா, அசையாதீங்க" என்று மாஸ்டர் கிசுகிசுத்தார்.

அக்கா அசைந்தார். நேராகப் போய், எக்கி, படத்தை ஆணியிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"நேர்ல வந்து சொல்லச் சொன்னீங்க. வந்துட்டன். சொல்லிட்டன்."

அத்தனை பேர் பார்க்க மாஸ்டர் போனைத் திறந்து படத்தை நீக்கும்வரை நான் அவர் தோளோரமே நின்றேன். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"யம்மா! சட்டத்தையாவது குடுத்துட்டுப் போங்க! அது வாடகைக்கு எடுத்தது!"

அக்கா நின்றார், திரும்பினார்.

"மூஞ்சி மட்டும் என்னா, சும்மாக் கெடந்ததா?"

என் கையிலிருந்த பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.