நாளைக்கு சார்

எங்கள் சூப்பர்மார்க்கெட் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நாளைக்கு சார்’. நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் போனில் அவர் செய்தி வரும். “நாளைக்குக் காலைல வேணாம், மத்தியானம் வாங்க.” “நாளைக்கு லீவு கேன்சல்.” பில் போடுகிற பெண்களுக்கு வீடு, பிள்ளை, உடம்பு என்று எதுவும் இருக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

என் மகளுக்குத் திக்குவாய். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு வருடம் காத்திருந்து இடம் வாங்கினேன். செவ்வாய்தோறும் காலையில் போகவேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்கு. காலில் விழாத குறையாக அவரிடம் சொன்னேன்.

“செவ்வாய் மட்டும் மாத்திடாதீங்க சார்.”

“அதெல்லாம் பாத்துக்கலாம்மா.”

நன்றாகப் பார்த்துக்கொண்டார். அடுத்தடுத்த இரண்டு செவ்வாயும் முந்தின இரவில் என்னைக் காலை ஷிப்டுக்கு மாற்றினார். மூன்றாவது செவ்வாய் மருத்துவமனைக்குப் போனபோது இடம் போயிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என்னிடம் ஏதோ கேட்க வந்து, முதல் எழுத்திலேயே சிக்கி, வேண்டாமென்று வெளியே பார்த்துக்கொண்டாள். அந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நாத்தனார் என்றால் குத்திக்காட்டவே பிறந்தவள் என்பார்கள். என்னுடையவளும் அப்படித்தான், ஆனால் கூட்டுச் சேர்ந்தால் அவளைப்போல ஆள் கிடையாது. அவள் வேலை பார்ப்பது நாளைக்கு சார் வீட்டில். அவர் மனைவிக்கு வெளியூரில் வேலை, பகலில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது இவள்தான். நாங்கள் உறவு என்பது அவருக்குத் தெரியாது.

“குழந்தைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது,” என்றேன்.

“அது என் செல்லம் அண்ணி. அப்பனைத்தான் அலையவிடப்போறேன்.”

அன்றே அவருக்குச் செய்தி போனது: நாளைக்குக் காலையில் வர முடியாது, மத்தியானம்தான். அது வாடிக்கையானது. வேறு ஆள் தேடினார். குழந்தை யாரிடமும் ஒட்டவில்லை. சார் இடுப்பில் குழந்தையும் சட்டையில் பால் கறையுமாகக் கடைக்கு வந்தார். தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்த அன்றும் அதே கோலம். அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் குழந்தைதான் வீல் வீலென்று பதில் சொன்னது. நான் பில் போட்டுக்கொண்டே கண்குளிரப் பார்த்தேன்.

ஒரு நாள் என் கவுண்டரிலேயே வந்து புலம்பினார்.

“அந்தப் பொண்ணு எப்ப வரும், எப்ப வராதுன்னே தெரியலம்மா. முன்கூட்டியே சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்? மனுசன் எப்படிப் பொழைக்கிறது?”

“அதான் சார் நாங்களும் கேக்குறோம்,” என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. அடுத்த வாரமே மாதம் முழுவதற்குமான ஷிப்ட் அட்டவணை சுவரில் ஏறியது. செவ்வாய் எனக்கு விடுமுறை. மற்ற பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

செவ்வாயன்று மகளோடு மருத்துவமனைக்கு ஓடினேன். பேரை எழுதிக்கொண்டார்கள். மறுபடியும் ஒரு வருடம் ஆகுமாம்.

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். “அதான் ஒழுங்கா போட்டுட்டாரே அண்ணி, பாவம். நிறுத்திடட்டுமா?”

பக்கத்தில் மகள் அத்தையைக் கூப்பிட முயன்றுகொண்டிருந்தாள். “அ… அ… அத்…” கழுத்து நரம்பு புடைத்தது.

“இவ உன்னைத் திக்காம அத்தைன்னு கூப்பிடுற அன்னிக்கு நிறுத்து,” என்றேன்.